தாய்மாமன் பக்கத்தில் பென்குயின்

பென்குயின் கல் திருடும் என்று உமேஷுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதைக் கொண்டுபோய் முத்துப்பாண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருப்பானா? வியாழக்கிழமை காலை, சிம்மக்கல்லில் தன் பிளக்ஸ் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கிக்கொண்டிருக்கும்போதே போன் வந்துவிட்டது.

"ஏப்பா உமேசு, என்னையக் கேனப்பயன்னு நெனச்சியா?"

"என்னண்ணே ஆச்சு?"

"எனக்குப் பக்கத்துல கோட்டுப் போட்ட வாத்து ஒண்ணு நிக்கிதே, அது என்ன வேலை பார்க்கும்னு தெரியுமா ஒனக்கு?"

"பென்குயின்ணே. பனியில இருக்கும். முதுகு கருப்பு, வயிறு வெள்ளை. நல்லா நீந்தும்ணே."

"நீந்தும். நீந்திட்டு வந்து பக்கத்துக் கூட்டுக் கல்லைத் திருடும்! அதுக்குக் கூடே கல்லுதானாம். சொந்தமாப் பொறுக்க ஒடம்பு வலிச்சு, அடுத்தவன் அசந்த நேரம் பார்த்து ஒவ்வொரு கல்லாத் தூக்கிட்டுப் போவுது. வீடியோவே இருக்கு, அனுப்பவா? எங்க அண்ணன்தான இதப் போடச் சொன்னது?"

உமேஷ் போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, தன் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் இரண்டு வார்த்தை சொன்னான். கடையில் அந்த மொழியால் கிடைக்கிற பெரிய சௌகரியம் இதுதான். வாடிக்கையாளரை நேருக்கு நேராகவே திட்டலாம்; ஏதோ சாமி பேரைச் சொல்கிறான் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

"யாரும் சொல்லலண்ணே. நானாத்தான் போட்டேன். மாத்திர்றேன்."

"மாத்துறதுக்கு முந்தி என்ன மிருகம்னு எனக்குச் சொல்லு. நான் விசாரிச்சிட்டுச் சொல்றேன்."

மிருகத்தை விசாரிக்கிறாராம். பெண் வீட்டாரை விசாரிப்பது மாதிரி.

இந்தக் கூத்து திங்கட்கிழமை ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் தமிழ்ச்செல்வி கடைக்கு வந்தாள். வண்டியூரில் குடியிருப்பவள். அவள் மகள் தமிழ்வாணிக்கு மூன்று வயது. வருகிற ஞாயிறு பேரையூரில் மண்டபம் பிடித்துக் காதுகுத்து வைத்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். தமிழ்ச்செல்விக்கு அண்ணன்மார் இரண்டு பேர், விருமாண்டி, முத்துப்பாண்டி. சிக்கல் என்னவென்றால் அவர்கள் இருவரும் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

அப்பா விட்டுப்போன நிலத்தைப் பிரித்தபோது நடுவில் ஒரு எல்லைக்கல் நட்டார்கள். அந்தக் கல் ஒரு முழம் நகர்ந்துவிட்டது. நகர்த்தியது தம்பி என்று அண்ணன் சொல்கிறார், அண்ணன் என்று தம்பி சொல்கிறார். டிராக்டர் இடித்திருக்கும் என்று சர்வேயர் சொன்னதை இரண்டு பேருமே ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கோபத்தில் முத்துப்பாண்டி பெண்டாட்டி பிள்ளைகளோடு திருமங்கலத்துக்கு வீடு மாறிவிட்டார். அம்மா பேரையூரிலேயே பெரியவரிடம் இருக்கிறாள்.

"ஒரு வயசுலயே காது குத்த நாள் பார்த்தோம்ணே," என்றாள் தமிழ்ச்செல்வி. "பத்திரிகையில பெரியண்ணன் பேரு தடிச்ச எழுத்துல இருக்குன்னு சின்னண்ணன் வரல. ஒரு மாமன் மடியில மட்டும் குத்துனா இன்னொருத்தர் ஜென்மத்துக்கும் வரமாட்டாரேன்னு நிப்பாட்டிட்டோம். இப்ப வலது காது பெரியவர் மடியில, இடது காது சின்னவர் மடியிலன்னு ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியாப் பேசிச் சம்மதம் வாங்கியிருக்கேன். இந்தத் தடவையும் ஒருத்தர் முறுக்கிக்கிட்டா, அடுத்து அஞ்சு வயசுலதான். அதுவரைக்கும் எங்கம்மா இருக்குமோ என்னமோ. எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு ஞாயித்துக்கெழமை தெரிஞ்சிரும்ணே."

இப்படிச் சொல்லிவிட்டு அழுதிருந்தால்கூட உமேஷ் தப்பித்திருப்பான். அழுகிறவர்களை அவனுக்குச் சமாளிக்கத் தெரியும், தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பான். அவள் அழவில்லை. கைப்பையிலிருந்து இரண்டு போட்டோக்களை எடுத்து, இரண்டும் மேசை விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிற மாதிரி வைத்தாள். அதைப் பார்த்து அவன் இளகிவிட்டான். இளகியது அவன் தப்பு.

மதுரையில் தாய்மாமன் பிளக்ஸில் தனியாக நிற்கிறது கிடையாது. பக்கத்தில் ஒரு சிங்கம் நிற்கும். சிங்கம் இல்லாவிட்டால் புலி, புலி இல்லாவிட்டால் கழுகாவது வேண்டும். பன்னிரண்டு வருஷமாக உமேஷ் இந்த ஊர் மாமன்மாருக்குச் சிங்கம் சப்ளை செய்துவருகிறான். அன்று சாயங்காலமே இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சிங்கம், முகம் இரண்டும் மில்லிமீட்டர் சுத்தமாக ஒரே அளவு, பிள்ளை நடுவில் என்று போட்டு அனுப்பினான். பத்து நிமிஷத்தில் விருமாண்டி கூப்பிட்டார். பின்னணி நிறம் தம்பி கட்சி நிறமாம். மாற்றினான். முத்துப்பாண்டி கூப்பிட்டார். இப்போது இருப்பது அண்ணன் கட்சி நிறமாம். வேறொன்று வைத்தால் அது இவர் சங்கத்துக்கு ஆகாத நிறம். இன்னொன்று அவர் விலகிவந்த கட்சி. சிங்கத்தின் பிடரி மயிர் நிறம்கூட ஏதோ ஒரு கொடியில் இருந்தது. இலையின் பச்சை, வானத்தின் நீலம், எதையும் இந்த ஜில்லாவில் யாரும் சும்மா விட்டுவைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தமிழ்ச்செல்வி மறுபடி வந்து நின்றபோது உமேஷ் வெடித்துவிட்டான்.

"அப்ப எந்தக் கலரும் வேணாம்மா. கருப்பு வெள்ளையில போட்டுத் தொலைக்கிறேன். அது ரெண்டும் எல்லாக் கொடியிலயும் கொஞ்சங் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு, எவனும் தன்னோடதுன்னு கேட்டு வரமாட்டான்!"

எரிச்சலில் சொன்னது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நல்ல யோசனைண்ணே. சிங்கத்துக்குப் பதிலா, பொறந்ததுலருந்தே கருப்பு வெள்ளையா இருக்குற மிருகமாப் போட்டுருங்க. அப்ப யாரும் எதுவும் சொல்ல முடியாதுல்ல?"

தன் வாய்க்குப் பூட்டுப் போடாததற்கு உமேஷ் தன்னையே திட்டிக்கொண்டு, உலகத்தில் கருப்பும் வெள்ளையுமாக என்னென்ன ஜீவராசி இருக்கிறது என்று தேட உட்கார்ந்தான். உள்ளூர்க் காளையைப் போடலாம்தான். ஆனால் இரண்டு வீட்டிலும் ஜல்லிக்கட்டு மாடு நிற்கிறது. படத்தில் இருப்பது யார் வீட்டு மாடு என்று அதற்கொரு பஞ்சாயத்து வரும்.

முதலில் வரிக்குதிரை. ஆப்பிரிக்காவில் ஒரு வரிக்குதிரையின் கோடு மாதிரி இன்னொன்றுக்கு இருக்காதாம். அந்தக் கோடு ஈயைக் குழப்பி உட்காரவிடாமல் செய்யுமாம். இவ்வளவு கௌரவமான பிராணியை விருமாண்டி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"கழுதைக்குக் கோடு போட்டா எனக்குத் தெரியாதா?"

பாண்டா கரடி சீனாவிலிருந்து வந்தது. தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூங்கில் தின்றது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் தின்பதைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை என்று முத்துப்பாண்டி கண்டுபிடித்தார். "உக்காந்து தின்னே அழிச்சவன்னு எங்க மதினி ஒருக்கா என்னையச் சொல்லுச்சு. அத ஞாபகம் வச்சுப் போடச் சொல்லியிருக்காய்ங்க." சீமைப் பசு ஒன்றைக் காட்டியதற்கு விருமாண்டி போனிலேயே காறித் துப்பினார். வாடிவாசல் பார்த்த குடும்பத்துக்குப் பால் பண்ணை மாடா? டால்மேஷன் நாய்க்குட்டி பிறக்கும்போது சுத்த வெள்ளை, இரண்டு வாரம் கழித்துத்தான் புள்ளி வரும் என்று உமேஷ் ஆசையாக ஆரம்பித்தான். "நாயா?" என்று இரண்டு பேரும் இரண்டு போனில் ஒரே தொனியில் கேட்டார்கள். அதோடு அது ஓடிப்போனது.

இதில் உமேஷை உண்மையிலேயே வதைத்தது ஒன்று உண்டு. ஒருத்தருக்கு ஒன்றைக் காட்டினால், அவர் முதலில் கேட்பது அதைப் பற்றி அல்ல.

"அவனுக்கு என்ன போட்டிருக்க?"

"அவருக்குத் திமிங்கிலம்ணே. ஓர்க்கான்னு பேரு."

"எவ்வளவு நீளம் இருக்கும்?"

"இருபது, இருபத்தஞ்சு அடி போகும்ணே."

"எனக்குக் கோட்டுப் போட்ட வாத்து, அவனுக்கு இருபத்தஞ்சு அடியில திமிங்கிலமா?"

அந்த ஓர்க்காவாலும் பிரயோஜனம் இல்லை. அது திமிங்கிலமே அல்ல, டால்பின் இனத்தில் பெரியது. அது போகட்டும். சில கடல்களில் அதன் ஆண் குட்டி எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் கடைசிவரை அம்மாவை விட்டுப் பிரியாதாம். விருமாண்டி அதைப் படித்துவிட்டு, "இதுதான்யா மிருகம். அம்மாவைக் கடைசிவரை வச்சுப் பார்க்குது. எனக்கு இதையே போடு," என்றார். அரை மணி நேரத்தில் விஷயம் திருமங்கலத்துக்குப் போய், அங்கிருந்து கடைக்குப் போனாக வந்தது. நான் அம்மாவை விட்டுட்டு வந்தேன்னு ஊருக்கே பிளக்ஸ் போட்டுக் காட்டுறானா, அம்மாதான்டா நிலத்தை விட்டு வரமாட்டேன்னுச்சு, நான் கூப்புடலையா, எத்தனை தடவ கூப்பிட்டேன், என்று முத்துப்பாண்டி கத்திய கத்தலில் கடைசியில் குரல் கம்மிவிட்டது. உமேஷ் ஓர்க்காவை அழித்தான். எரிச்சலாக இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்க அவனுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

மலேசியக் காட்டில் டேபிர் என்று ஒரு பிராணி. முன்னும் பின்னும் கருப்பு, இடுப்பில் வேட்டியைச் சுற்றியது மாதிரி வெள்ளை. யாரும் கேள்விப்படாததாகப் போட்டால் யாரும் வம்பு பண்ணமாட்டார்கள் என்று கணக்குப் போட்டான். ராத்திரியில் அது படுத்துக்கிடந்தால் புலிக்கே ஒரு பெரிய கல் மாதிரிதான் தெரியுமாம்.

"கல்லா?" என்றார் விருமாண்டி.

"கல்லா?" என்றார் முத்துப்பாண்டி.

அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு பிராணி உண்டு. கோபம் வந்தால் முதலில் காலைத் தரையில் தட்டி எச்சரிக்கும், வாலைத் தூக்கிக் காட்டும், அதற்கும் கேட்காவிட்டால் நாற்றத்தைப் பீச்சி அடிக்கும். வியாழன் மத்தியானம் உமேஷ் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பிளக்ஸில் போடுவதற்காக அல்ல. அதற்குக் கொடுத்திருக்கிற வசதியை மனிதனுக்குக் கொடுக்கவில்லையே என்றுதான்.

கடைசியில் வண்டியூர் மரங்களில் தினமும் கத்துகிற குருவியையே பிடித்தான். குண்டுக்கரிச்சான். பளபளவென்று கருப்புத் தலை, வெள்ளை வயிறு, தூக்கிய வால். பேரையூரிலும் இருக்கிறது, திருமங்கலத்திலும் இருக்கிறது. ஒரே படத்தை எடுத்து ஒன்றை இடப்பக்கம் திருப்பி, ஒன்றை வலப்பக்கம் திருப்பி, ஆளுக்கொன்று வைத்துவிட்டான். இறகுக்கு இறகு சமம். வெள்ளிக்கிழமை காலை அனுப்பினான். இரண்டு பேரிடமிருந்தும் போன் வரவில்லை. வராதது அவனுக்குப் பயமாக இருந்தது.

மத்தியானம் டீக்கடை நல்லகாமன் டீ கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் திரை தெருவைப் பார்த்து இருக்கும். அதில் பிளக்ஸ் விரிந்து கிடந்தது. இந்தப் பக்கம் விருமாண்டி, அந்தப் பக்கம் முத்துப்பாண்டி, நடுவில் வெள்ளைக் கவுனில் பிள்ளை. எல்லாமே கருப்பு வெள்ளை. தம்பி தோளில் கட்சித் துண்டு தெரியாமல் இருக்க அவன் போட்டோவைக் கருப்பு வெள்ளை ஆக்கு என்று அண்ணன் முன்னமே சொல்லியிருந்தார். அண்ணன் வேட்டிக் கரை தெரியாமல் இருக்க அவர் போட்டோவை ஆக்கு என்று தம்பி சொல்லியிருந்தார். அப்புறம் பிள்ளை மட்டும் கலரில் இருந்தால் ஒட்டவில்லை என்று உமேஷே அதையும் மாற்றியிருந்தான்.

நல்லகாமன் கிளாஸை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். முகம் மாறியது.

"அடக் கொடுமையே. ரெண்டு பேரும் ஒண்ணாவாய்யா போனாய்ங்க? வண்டியில போகும்போதா?"

"யாரும் போகலண்ணே. காதுகுத்து."

அவர் காதில் அது விழவில்லை.

"அந்தப் பச்சப்பிள்ளையுமா?"

வாசலில் தமிழ்ச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று உமேஷுக்குத் தெரியவில்லை. நல்லகாமன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார். இந்த ஊரில் எந்தச் சந்து முனையிலும் கருப்பு வெள்ளை முகம் தொங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மேலே கண்ணீர் அஞ்சலி என்று போட்டிருக்கும். மூன்று நாளாக மிருகம் மிருகமாகத் தேடி அலைந்ததில், பன்னிரண்டு வருஷம் பிளக்ஸ் அடித்த உமேஷுக்கே அது உறைக்காமல் போயிருந்தது. அவனுக்கு அவமானமாக இருந்தது.

"அண்ணே," என்றாள் அவள். "எம்பிள்ளையை அதுலருந்து எடுத்துருங்க."

"எடுத்துட்டா என்னம்மா இருக்கும்? எல்லாத்தையும் கலர்ல மாத்திர்றேன்..."

"கலர்னா மறுபடி மொதல்லருந்து சண்டைண்ணே. நாளைக்கு மறுநாள் விசேஷம். பிள்ளையை மட்டும் எடுங்க. அவங்க ரெண்டு பேரும் சமமா இருந்தாப் போதும். பிள்ளை இருக்கா இல்லையான்னு அவங்க பார்க்கவா போறாங்க?"

உமேஷ் எடுத்தான். நடுவில் வெறும் வெள்ளை மிஞ்சியது. அங்கே 'காதணி விழா' என்ற எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டான்.

"நான் எடுக்கச் சொன்னேன்னு அவங்களுக்குத் தெரியவேணாம்ணே," என்றாள் படி இறங்கும்போது. "தங்கச்சி எங்களைச் செத்தவய்ங்க வரிசையில வச்சுட்டு, தம்பிள்ளைய மட்டும் காப்பாத்திக்கிட்டான்னு நெனச்சுருவாங்க. அப்புறம் அந்தக் கோவத்துக்கு ஒரு ஆறு வருஷம் போகும்."

சனிக்கிழமை அச்சடிப்பதற்கு முன்னால் நேரில் பார்த்தே தீருவோம் என்று இரண்டு பேரும் அடம்பிடித்தார்கள். பெரியவரைப் பதினோரு மணிக்கும் சின்னவரை மூன்று மணிக்கும் வரச்சொல்லித் தமிழ்ச்செல்வி நேரம் பிரித்துக் கொடுத்திருந்தாள். பெரியவர் பஸ்ஸைத் தவறவிட்டுப் பன்னிரண்டுக்கு வந்தார். சின்னவர் மூன்று மணி வரைக்கும் பொறுக்க முடியாமல் பன்னிரண்டுக்கே வந்தார். கடை எட்டடி அகலம். அதில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரோரமாக, எதிரெதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் தமிழ்ச்செல்வி நின்றாள்.

"அவர்கிட்டக் கேளு, இந்தக் குருவி அவரு தேர்வான்னு," என்றார் முத்துப்பாண்டி உமேஷிடம்.

"நான் ஒண்ணும் எடுத்துக் குடுக்கலைன்னு சொல்லு," என்றார் விருமாண்டி உமேஷிடம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே குருவிதாண்ணே," என்றான் உமேஷ். "திருப்பிப் போட்டிருக்கேன். நம்ம ஊருக் குருவி. கல்லெல்லாம் எடுக்காது. பாட்டுப் பாடும், அவ்வளவுதான்."

விருமாண்டி போனை எடுத்தார். விசாரணை முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"அவ்வளவுதானா? தன் எல்லைக்குள்ள இன்னொரு ஆணை விடாதாம்யா இது. எந்த அளவுக்குன்னா, கண்ணாடியில தெரியுற தன் மூஞ்சியவே எதிரின்னு நெனச்சுக் கொத்துமாம்."

உமேஷ் கண்ணை மூடிக்கொண்டான். அவ்வளவுதான். இனி ஞாயிற்றுக்கிழமை யாரும் வரப்போவதில்லை. இந்த உலகத்தில் ஒழுங்கான பிராணி என்று ஒன்றுகூட இல்லை.

"கண்ணாடியக் கொத்துமா? சும்மா எதையாச்சும் எழுதி வச்சிருப்பாய்ங்க," என்றார் முத்துப்பாண்டி சுவரைப் பார்த்து.

"சும்மாவா? நம்ம மோட்டார் ரூமுக்கிட்ட அப்பா டிவிஎஸ்ஸை நிப்பாட்டுனா தெனமும் கண்ணாடியில வந்து கொத்தும்ல. நீதான்டா அதுக்குத் துணி கட்டி விட்டே."

"அது இந்தக் குருவியா?"

"பின்ன?"

தாங்கள் பேசிவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. பேசியதைத் திரும்பவா எடுக்க முடியும்? வெட்கமோ என்னவோ, இரண்டு பேரும் அவசரமாகத் திரையைப் பார்த்தார்கள். கட்சி நிறம் தேடவில்லை, அளவு தேடவில்லை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழுசாகப் பார்த்தார்கள். முதலில் முத்துப்பாண்டிதான் கேட்டார்.

"பிள்ளை எங்க?"

விருமாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். "ஆமா. வாணியக் காணோமே?"

உமேஷ் வாயைத் திறந்தான். ஐந்து நாள். பதினான்கு திருத்தம். கோட்டுப் போட்ட வாத்து, கழுதை, காறித் துப்பல். 'அதை உங்க தங்கச்சிக்கிட்டக் கேளுங்கய்யா' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தமிழ்ச்செல்வி அவனைப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிடவில்லை, தலையாட்டவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

"மறந்துட்டேன்," என்றான் உமேஷ்.

"மறந்துட்டியா?" என்றார் விருமாண்டி.

"யாருக்குய்யா காதுகுத்து? எனக்கா?" என்றார் முத்துப்பாண்டி.

"குருவி வாலு எத்தனை இஞ்சுன்னு சொல்லத் தெரியுது..."

"...காது குத்துற பிள்ளை படத்தை வைக்கத் தெரியல. நீயெல்லாம் என்னய்யா பிளக்ஸு அடிக்கிற?"

"இவன் ஆரம்பத்துலருந்தே சரியில்லடா. எனக்குக் கழுதையக் காட்டுனான்."

"எனக்குத் தின்னிக்கரடிண்ணே!"

"மனுச முகத்தை இப்படிக் கருப்பாக்கி வச்சிருக்கான் பாரு. எழவு வீடு மாதிரி இருக்கு. நல்ல காரியத்துக்கு எவனாச்சும் இப்படிப் போடுவானா?"

"அதச் சொல்லுங்க. அறிவு வேணாமா?"

அது யார் கேட்டு ஆக்கியது என்று சொல்ல உமேஷின் உடம்பில் இருக்கிற ரத்தம் முழுக்கத் துடித்தது. பற்களைக் கடித்துக்கொண்டு நின்றான். பிள்ளையைக் கலரில் போடு, பெரிசாப் போடு, நாங்க ஓரமா நிக்கிறோம், எந்தக் கலர் வேணாலும் இருக்கட்டும், குருவியத் தூக்கிக் குப்பையில போடு என்று மாறி மாறி உத்தரவு வந்தது. அரை மணி நேரம் திட்டி ஓய்ந்தபோது இரண்டு பேருக்கும் வேர்த்திருந்தது. "வாடா, இவன்கிட்டப் பேசித் தொண்டை காஞ்சதுதான் மிச்சம், ஒரு சர்பத்தாச்சும் குடிப்போம்" என்று விருமாண்டி படி இறங்கினார். முத்துப்பாண்டி ஒரு நொடி நின்றார். பிறகு அவர் பின்னாலேயே போனார்.

தமிழ்ச்செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இப்போதுதான் அழுதாள். உமேஷ் தண்ணீர் கொடுத்தான்.

"நாளைக்கு வந்துருவாங்களா?" என்று கேட்டான்.

"தெரியலண்ணே. மண்டபத்துல போயி நின்னதும் மறுபடி பழசு ஞாபகம் வந்துட்டா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணே, நீங்களும் வந்துருங்க."

"நான் எதுக்கும்மா? நாளைக்கு ஒருநாள்தான் எனக்கு லீவு."

"நீங்க அங்கன இருந்தீங்கன்னா ரெண்டு பேரும் உங்களைத் திட்டிக்கிட்டு ஒண்ணா இருப்பாங்கண்ணே."

இப்படி ஒரு அழைப்பை உமேஷ் வாழ்நாளில் கேட்டதில்லை. பத்திரிகை வைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, திட்டு வாங்க வா என்கிறார்கள். முடியாது என்று சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தான். அவள் மறுபடியும் அப்படிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பேரையூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். மண்டப வாசலில் பிளக்ஸைக் கட்டும்போதே விருமாண்டி வந்து, கோணலாகக் கட்டியிருக்கிறான் என்று தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். தம்பி வந்து, ஆமாம் என்றார். மைக்செட் கரகரவென்றதற்கு இரண்டு பேரும் உமேஷை முறைத்தார்கள். மைக்செட்டுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? சாம்பாரில் உப்பு கூடியதற்கு அவனைக் கூப்பிடாததுதான் பாக்கி. ஒவ்வொரு தடவையும் தமிழ்ச்செல்வி தூரத்திலிருந்து பார்ப்பாள், அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

காது குத்துகிற நேரம் வந்தது. மேடையில் ஒரு பெஞ்சு போட்டிருந்தது, ஒருத்தர் தாராளமாகவும் இரண்டு பேர் நெருக்கியும் உட்காரலாம். விருமாண்டி மாலையோடு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கினார். வலது காதில் ஊசி இறங்கியதும் தமிழ்வாணி போட்ட அலறலில் மண்டபமே திரும்பியது. அவள் பெரிய மாமன் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, சின்ன மாமனிடம் வரவேமாட்டேன் என்றாள். இழுத்தால் இன்னும் கத்தினாள். வேறு வழியில்லாமல் முத்துப்பாண்டி அதே பெஞ்சில் அண்ணனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளை இடுப்புக்கு மேலே ஒருத்தர் மடியிலும் கால் இரண்டும் இன்னொருத்தர் மடியிலுமாகக் கிடந்தது. விருமாண்டி தன் கையால் அதன் தலையைப் பிடித்து, தம்பியின் தோளில் சாய்த்துக் கொடுத்தார். இடது காதிலும் ஊசி இறங்கியது.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா சத்தம் போட்டு அழுதுவிட்டாள். முத்துப்பாண்டிக்கும் கண் கலங்கியது. அது யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, கூட்டத்தில் உமேஷைத் தேடிப்பிடித்துக் கத்தினார்.

"ஏய்யா உமேசு, யாருய்யா இம்புட்டுக்காணுப் பெஞ்சைப் போட்டது? ரெண்டு ஆளு உக்கார வேணாமா?"

"இவனாத்தான் இருக்கும்," என்றார் விருமாண்டி, நகர்ந்து கொள்ளாமல்.

உமேஷ் தமிழ்ச்செல்வியைப் பார்த்தான். காலையில் மண்டபத்துக்காரர் கொண்டுவந்து போட்ட பெரிய பெஞ்சை அவளே ஓரமாக இழுத்து வைத்துவிட்டு இந்தச் சின்னதைப் போட்டதை அவன் பார்த்திருந்தான்.

"நான்தாண்ணே," என்றான்.